ஆடி மடல் முதல் பங்குனி மடல் வரை: மழலையர் பள்ளியின் பருவ மடல் தயாரிக்க ஒரு முழு வழிகாட்டி

மதியம் பன்னிரண்டரைக்கு எங்கள் பள்ளி வாசலில் தினமும் ஒரே பேச்சுதான். "இன்னைக்கு என்ன கண்ணு பண்ணின?" என்று பாட்டி கேட்பார். "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். அந்த ஒண்ணுமில்லைக்குள் காலையில் ஜன்னலில் வந்து உட்கார்ந்த வெட்டுக்கிளி, கொட்டிப்போன தண்ணீர், பக்கத்தில் இருந்தவன் கடித்தது, புதிதாக வந்த பாட்டு எல்லாம் இருக்கும். மூன்று வயதில் அதையெல்லாம் வரிசையாகச் சொல்ல வராது. ஆனால் "வெட்டுக்கிளி எங்க குதிச்சுது?" என்று கேட்டுப் பாருங்கள், வீடு போய்ச் சேரும் வரை பேச்சு நிற்காது.

பள்ளி அனுப்பும் மடல் அந்த ஒரு கேள்வியைப் பாட்டியிடம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு, விடுமுறைப் பட்டியல் எல்லாம் அப்புறம்தான். பதினோரு வருஷமாக, திருச்சியில் காவிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் இந்த மடலைத் தயாரிக்கும் வேலை என்னிடம் இருக்கிறது. ப்ரீ-கே.ஜி.யில் தொடங்கி யு.கே.ஜி. வரை தொண்ணூறு குழந்தைகள், ஐந்து மிஸ்கள், இரண்டு ஆயாம்மாக்கள். இந்த அளவு பள்ளிக்கு எது ஒத்துவருகிறதோ அதைத்தான் எழுதுகிறேன். பெரிய பள்ளிக்காரர்கள் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு எத்தனை மடல்?

மாதம் ஒன்று என்று ஆரம்பித்தோம். செப்டம்பருக்குள் மூச்சு வாங்கிவிட்டது. இப்போது நான்கே நான்கு: ஆடி மடல், ஐப்பசி மடல், தை மடல், பங்குனி மடல். தமிழ் மாதப் பெயர் வைத்ததற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. ஜூனில் பள்ளி திறந்து, அழுகை அடங்கி, குழந்தைகளுக்கு வகுப்பு பழகும்போது ஆடி பிறந்திருக்கும். ஐப்பசியில் மழை பிடிக்கும். தையில் பொங்கல் விடுமுறை முடிந்து கடைசிப் பருவம் தொடங்கும். பங்குனியில் யு.கே.ஜி. கிளம்பத் தயாராகும். நான்கு மடலும் நான்கு வேறு பள்ளிக்கூடங்களைப் பற்றியது போலவே இருக்கும்.

அவசரச் செய்திக்கு மடல் காத்திருக்கக் கூடாது, அதற்கு டைரியும் வாட்ஸாப்பும் இருக்கின்றன. கட்டண பாக்கியைப் பற்றி ஒரு வரிகூட மடலில் வேண்டாம். அதைக் கண்டால், கட்டியவர்கள் உட்பட யாரும் மீதியைப் படிக்க மாட்டார்கள்.

ஆணியில் தொங்கும் நோட்டு

மடல் வேலை மடல் எழுதும் வாரத்தில் தொடங்குவதில்லை, பள்ளி திறந்த முதல் நாளே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு வகுப்பிலும் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அதில் நூல் கட்டிய நாற்பது பக்க நோட்டு, கூடவே ஒரு பென்சில். குழந்தைகள் போனதும் மிஸ் இரண்டு வரி எழுத வேண்டும். தேதி, நடந்தது, அவ்வளவுதான். "ஜூன் 24. மழைத்தூறல். மண்புழு மூன்று. யாரும் மிதிக்கக் கூடாதென்று சாக்பீஸால் வட்டம் போட்டார்கள்." இந்த அளவு போதும்.

இரண்டு வரிக்கு மேல் கேட்காதீர்கள். அரைப் பக்கம் எழுதச் சொன்ன வருஷம் மூன்றாம் வாரத்திலேயே நோட்டுகள் வெறிச்சோடின. அப்புறம், "குழந்தைகள் மகிழ்ந்தார்கள்" என்று எழுத விடாதீர்கள். என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது மட்டும் வேண்டும். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தையைப் பக்கத்தில் இருந்து கவனி என்பதுதான் அவர் முறைக்கே அடிப்படை. அவர் பெயரைப் பலகையில் போட்டுக்கொண்ட பள்ளிகளுக்கு ஊரில் குறைவில்லை, இந்த நோட்டைத்தான் அதிகம் காணோம்.

ஆயாம்மாவையும் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் கழிவறை வாசலிலும் நடப்பது மிஸ்களுக்குத் தெரியாது. எங்கள் மடல்களில் வந்த நல்ல செய்திகளில் பாதி ஆயாம்மா வாயிலிருந்து வந்தது. வறண்டுபோன ஒரு ஜூனில், காவிரிப் பாலத்தைத் தாண்டி வேனில் வந்த ஒரு குழந்தை "ஆத்துக்கு இன்னும் லீவு முடியலையா?" என்று கேட்டதாம். அதைச் சொன்னதும் ஆயாம்மாதான்.

எந்த மடலில் என்ன?

ஆடி மடலுக்குச் செய்தி தானாக வரும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் போதாமல் தள்ளிப்போகும் வருஷங்களும் உண்டு. திறந்த சில நாட்களில் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்துவிடும். திருச்சிக் குழந்தைக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. நேற்று மணலாகக் கிடந்த இடத்தில் இன்று ஆறு ஓடுகிறது. பிறகு பதினெட்டாம் பெருக்கு, ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில். டெல்டா பக்கத்தில் பிள்ளைகள் அன்றைக்குச் சின்ன மரச் சப்பரம் இழுத்துக்கொண்டு போவார்கள். இப்போது அது குறைந்துவிட்டது என்று பாட்டிகள் குறைப்பட்டுக்கொண்டதால், ஒரு வருஷம் மடலில் "வீட்டுப் பரணில் பழைய சப்பரம் இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள்" என்று ஒரு வரி போட்டோம். நான்கு வந்தன. ஒன்றுக்குச் சக்கரமே இல்லை, அதைத்தான் எல்லோரும் இழுக்க ஆசைப்பட்டார்கள்.

ஆடி மடலில் வருஷம் தவறாமல் ஒரு பத்தி வேறொன்றுக்கு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். எங்களுக்கும் கும்பகோணத்துக்கும் இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம்தான். அந்த வாரத்தில் எங்கள் பள்ளியில் மணி அடித்து எல்லோரையும் வரிசையாக வெளியே கூட்டிக்கொண்டு போகும் பயிற்சி நடக்கும். மடலில் அலங்காரம் இல்லாமல் எழுதுவோம்: எந்தத் தேதியில் நடந்தது, கடைசிக் குழந்தை வெளியே வர எத்தனை நிமிஷம் ஆனது, எந்தக் கதவு இடித்தது, அதை என்ன செய்தோம். போன முறை தாழ்ப்பாள் சிக்கியது என்றால் சிக்கியது என்றே எழுதுங்கள். பெற்றோர் நம்புவது அந்த வரியைத்தான்.

ஐப்பசி மடலில் இரண்டு பெரிய விஷயம். ஒன்று, விஜயதசமியன்று அரிசியில் எழுதி, அப்படியே சேர்ந்துவிட்ட புதுக் குழந்தைகள். ஜூனில் வந்தவர்கள் பழகி முடித்த நேரத்தில் இவர்கள் அழத் தொடங்குவார்கள். பழைய பெற்றோருக்கு அது மறந்துபோயிருக்கும். "வாசலில் யாராவது அழுதால் முறைக்காதீர்கள், ஜூனில் உங்கள் பிள்ளையும் இப்படித்தான்" என்று நாசூக்காக ஒரு வரி போடலாம்.

இன்னொன்று மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர், சில நாள் விடிந்த பிறகுதான் அறிவிப்பே வரும். அதனால் மடலில் "மழை பெய்தால் விடுமுறை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எங்கே பார்த்து உறுதி செய்வது, நடுவில் மழை வலுத்தால் வேன் எத்தனை மணிக்குக் கிளம்பும், வீட்டிலிருந்து யாரும் வர முடியாவிட்டால் குழந்தையுடன் பள்ளியில் யார் இருப்பார்கள் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கட்டும். நனைந்தால் மாற்ற ஒரு செட் துணி பையில் இருக்கட்டும், அதில் பெயர் எழுதியிருக்கட்டும். தொண்ணூறு நீல டவுசர் வந்து சேர்ந்தால் எங்களுக்கும் அடையாளம் தெரியாது.

டெங்குவைப் பற்றியும் இதிலேயே. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், சுத்தமான தேங்கிய தண்ணீரில் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கொரு முறை தொட்டித் தட்டையும் வாளியையும் கவிழ்த்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். இதைக் குழந்தைக்கு ஒரு வேலையாகக் கொடுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை மாடியில் தண்ணீர் நிற்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடி." போலீஸ் விளையாட்டு மாதிரி செய்வார்கள்.

தை மடல் எங்களுக்குச் சின்னது. பொங்கல், மார்கழிக் குளிர், வைகுண்ட ஏகாதசிக்கு விட்ட உள்ளூர் விடுமுறை, ஆண்டு விழா தேதி. ஆண்டு விழா உடைக்கு வாடகையா, வீட்டுத் துணியா என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் சொன்னால் சண்டை வரும்.

பங்குனி மடலில் வெயில், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்கள், கிளம்பும் யு.கே.ஜி. தண்ணீர் பாட்டிலில் நன்னாரி, குளுக்கோஸ் எல்லாம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்று எழுதுவோம். எறும்பு வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) தடுப்பூசியின் இரண்டாவது பூஸ்டரை ஞாபகப்படுத்துங்கள். ஒன்றரை வயது ஊசியோடு அட்டையை அலமாரியில் வைத்துவிட்ட வீடுகள் நிறைய. யார் முதலிடம், யார் சிறந்த மாணவர் என்ற பட்டியல் மட்டும் எந்த மடலிலும் வேண்டாம். நான்கு வயதில் யாரும் எதிலும் முதலாவது இல்லை.

வீட்டுச் செய்தி: கேட்டதெல்லாம் செய்தி அல்ல

குடும்பச் செய்திப் பகுதி இல்லாவிட்டால் மடல் சுற்றறிக்கையாகிவிடும். கவனமில்லாமல் போட்டாலோ வம்பு. நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டாம் வருஷம், காலை வட்டத்தில் ஒரு குழந்தை "எங்க வீட்டுக்குத் தம்பிப் பாப்பா வரப்போகுது" என்றது. எனக்கும் சந்தோஷம், மடலில் போட்டுவிட்டேன். மறுநாள் பாட்டி வந்தார். கத்தவில்லை. "மூணு மாசம்கூட முடியல மிஸ். சம்பந்தி வீட்டுக்கே இன்னும் சொல்லல" என்றார். அன்றைக்கு எழுதிய விதி இன்றும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது: குழந்தை சொன்னது செய்தி அல்ல, வீட்டில் உள்ளவர் எழுதிக் கொடுத்தால்தான் செய்தி.

மடலுக்குப் பத்து நாள் முன்பு டைரியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி அனுப்புவோம். "உங்கள் வீட்டில் என்ன விசேஷம்? மற்றவர்களுக்குத் தெரியலாம் என்று நினைப்பதை மட்டும் எழுதுங்கள்." காதுகுத்து, மொட்டை, புது வீடு, பிறந்த பாப்பா, வளர்க்கும் ஆட்டுக்குட்டி, வேலை மாற்றலாகி ஊர் மாறுவது, அக்கா பத்தாவது பாஸ் செய்தது என எல்லாம் வரும். ஆட்டுக்குட்டிச் செய்தியை ஒருநாளும் வெட்டாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டும் வரை பெயர் போட வேண்டாம். வீடு மாறினால் தெருப் பெயர் வேண்டாம். பிறந்தநாளை மாதத்தோடு நிறுத்துங்கள், முழுப் பெயரும் முழுத் தேதியும் சேர்ந்து ஓரிடத்தில் அச்சில் இருக்கக் கூடாது.

துக்கச் செய்தி வரும்போது முதலில் வீட்டில் கேளுங்கள், போடலாமா, எப்படிப் போடலாம் என்று. நாங்கள் "காலமானார்" என்று மட்டும் எழுதுவோம். எந்த மதத்து வீட்டுக்கும் அந்தச் சொல் பொருந்தும். வகுப்பில் குழந்தைகள் கேட்டால் மிஸ் என்ன சொன்னார் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. ஏனென்றால் அன்று மாலை எல்லா வீட்டிலும் அதே கேள்வி எழும். "தாத்தா தூங்கிட்டார்" என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வோம். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு குழந்தை ஒரு வாரம் மதியத் தூக்கத்துக்குப் படுக்கவே மறுத்தது.

"அன்புள்ள அப்பா அம்மாவுக்கு" என்று தொடங்கினால் பாட்டியிடம் வளரும் குழந்தைக்கும், அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கும் கதவைச் சாத்தியது போல ஆகும். எங்கள் தொடக்கம் "வீட்டில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்." உள்ளேயும் "அம்மா கட்டிக்கொடுத்த டிபன்" வராது, "வீட்டிலிருந்து வந்த டிபன்" வரும்.

பள்ளியும் ஒரு குடும்பம்தானே, அதன் செய்தியும் இருக்கட்டும். எங்கள் மடல்களிலேயே அதிகம் பேர் படித்தது ஓர் ஆயாம்மா ஓய்வுபெற்ற செய்தி. அன்று மதியம் வாசலில் நின்ற அப்பாக்களில் இரண்டு பேர் அந்த ஆயாம்மா மூக்குத் துடைத்துவிட்டு வளர்ந்தவர்கள்.

காய்ச்சல், கொப்புளம், கண்வலி

நோய்ச் செய்தியில் குழந்தையின் பெயரோ, அடையாளம் தெரியும் குறிப்போ கூடாது. "வேனில் வரும் எல்.கே.ஜி. குழந்தை" என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். வகுப்பும் நோயும் மட்டும் போதும். அதோடு நிறுத்தாமல் எதைக் கவனிப்பது, எப்போது திரும்ப அனுப்புவது என்று சொல்லுங்கள்.

கை, கால், வாய் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் கேரளத்தில் "தக்காளிக் காய்ச்சல்" என்று பேர் கிளம்பியபோது எங்கள் போன் ஓயவில்லை. பேர்தான் புதுசு, ஆள் பழசு என்று பிறகு தெரிந்தது. நாங்கள் எழுதும் பத்தி இப்படி இருக்கும்:

"ப்ரீ-கே.ஜி. வகுப்பில் கை, கால், வாய் நோய் வந்திருக்கிறது. முதலில் லேசான காய்ச்சல், பிறகு வாயில் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளி அல்லது கொப்புளம். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானே சரியாகும். வாய்ப்புண்ணால் தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்ததும் அனுப்பலாம். அதன் பிறகும் சில வாரங்கள் மலத்தில் கிருமி இருக்கும் என்பதால், கழிவறை போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்க வேண்டும். நாங்களும் இங்கே அதைச் செய்கிறோம்."

அம்மை வேறு மாதிரி. பல வீடுகளில் அதை நோய் என்று சொல்லவே மாட்டார்கள், வேப்பிலை கட்டிவிட்டு "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்பார்கள். அதை மதித்தே எழுத வேண்டும். சின்னம்மைக் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். ஆகவே "கொப்புளம் முழுக்கக் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அனுப்புங்கள்" என்று எழுதினால் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடும். அம்மை இருந்த குழந்தையோடு பழகியவர்களுக்கு 10 முதல் 21 நாளுக்குள் வரலாம், மூன்று வாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவைக்கச் சொல்வதும் முக்கியம். தம்பிப் பாப்பா வரப்போகும் செய்தி நமக்குத் தெரியாமலே இருக்கலாம் அல்லவா.

குடற்புழு மாத்திரைக்கு பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று நாடு முழுக்க நாள் உண்டு, மாவட்டத்தில் தேதி கொஞ்சம் நகரலாம். ஆடி மடலும் தை மடலும் அதற்குச் சரியாக முன்னால் வந்துவிடும். இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி. அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று, மென்று சாப்பிட வேண்டும், அன்றைக்குக் காய்ச்சல் உள்ள குழந்தைக்குக் கொடுக்க மாட்டோம் என்று மூன்று விஷயமும் வரட்டும். மெட்ராஸ் ஐ, பேன் இரண்டுக்கும் இரண்டிரண்டு வரி போதும். பேனுக்கு யாரையும் வெட்கப்பட வைக்காதீர்கள். மிஸ்களுக்கும் வரும்.

படம் போடும் முன்

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை. சேர்க்கைப் படிவத்தில் மூன்று தனித்தனிக் கட்டம் வையுங்கள்: பள்ளிச் சுவரில், அச்சு மடலில், வாட்ஸாப்பில். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது. சுவருக்குச் சரி, வாட்ஸாப்புக்கு வேண்டாம் என்பவர்கள் எங்களிடம் நிறையவே இருக்கிறார்கள்.

படம் எடுக்கும்போது எல்லோரும் மறப்பது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அதில் பெயர், வீட்டு முகவரி, அப்பாவின் கைபேசி எண் எல்லாம் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். படத்துக்கு முன் அட்டையை முதுகுப் பக்கம் திருப்பிப் போடுங்கள். தண்ணீர் விளையாட்டில் சட்டையில்லாமல் இருக்கும் படம் வேண்டாம். முகத்தைவிடக் கைகள் நல்ல படம் தரும். மாவு பிசையும் பத்துக் கைகள், மண்ணில் குனிந்த ஐந்து முதுகுகள் போதும். தன் பிள்ளையின் கையை எந்த அம்மாவுக்கும் அடையாளம் தெரியும்.

எழுதும்போது

"இனிதே நடைபெற்றது" என்பதைத் தடை செய்யுங்கள். "மகிழ்ச்சியுடன் கலந்துகொண்டு சிறப்பித்தனர்" என்பதையும். எங்கள் முதல் வருஷ மடலில் இருந்தது:

"ஜூலை மாதம் மஞ்சள் தினம் இனிதே நடைபெற்றது. குழந்தைகள் அனைவரும் மஞ்சள் நிற ஆடை அணிந்து மகிழ்ச்சியுடன் கலந்துகொண்டனர்."

இதைப் படித்துவிட்டு வீட்டில் என்ன கேட்க முடியும்? இப்போது எழுதினால்:

"மஞ்சள் தினத்தன்று ஆளுக்கொரு மஞ்சள் பொருள் வந்தது. எலுமிச்சை ஏழு, மாம்பழம் இரண்டு, ஒரு மஞ்சள் பை, ஒரு மஞ்சள் துண்டு. மிஸ் தட்டில் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகிவிட்டது. வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. மஞ்சள் எங்கே போச்சு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்."

ஆரத்தித் தட்டு கரைக்கும் பாட்டிக்கு அந்தப் பதில் தெரியும். பேச்சு அங்கிருந்து தானாகப் போகும். ஒவ்வொரு செய்தியும் இப்படி ஒரு கேள்வியில் முடிகிறதா என்று பாருங்கள். விடுமுறைத் தேதி போன்றவற்றை விட்டுவிடலாம், மற்றதில் கேள்வி பிறக்காவிட்டால் அந்தச் செய்தியில் ஏதோ குறைகிறது.

மொழி விஷயத்தில் எங்களுக்கு ஒரு பழைய தகராறு. "இங்கிலீஷ் மீடியத்துக்குப் பணம் கட்டுறோம், தமிழ்ல லெட்டரா?" என்று கேட்டவர்கள் உண்டு. மதியம் குழந்தையைக் கூட்டிப்போகிறவர் பாட்டி. அவருக்குத்தான் மடல் முதலில். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலத்தில் சுருக்கம் என்று வைத்த பிறகு தகராறு ஓய்ந்தது.

அடியில் இரண்டு அங்குலம் காலியாக விடுங்கள். இதுதான் எங்கள் மடலின் உயிர். அச்சாகி வந்ததும் ஒவ்வொரு மிஸ்ஸும் தன் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தில் கையால் ஒரு வாக்கியம் எழுதுவார். "இப்போதெல்லாம் செருப்பைத் தானே மாட்டிக்கொள்கிறாள், இடது வலது மட்டும் மாறுகிறது." ஆளுக்குப் பதினெட்டு வாக்கியம், இரண்டு மதியம் ஆகும். ஆணி நோட்டு அப்போது கை கொடுக்கும். அச்சில் குழந்தையின் பெயரே வராத குறையை இது தீர்த்துவிடுகிறது. வீட்டில் முதலில் படிப்பதும் இதைத்தான்.

அச்சும் வாட்ஸாப்பும்

ஏ4 தாள் ஒன்று, இரண்டு பக்கம். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, கண்ணாடி தேடாமல் பாட்டி படிக்க வேண்டும். டி.டி.பி. கடையில் கொடுத்தால் யூனிக்கோடில் அடிக்கச் சொல்லுங்கள். பழைய பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுப்பார்கள். தாளில் அழகாக இருக்கும், அதையே வெட்டி வாட்ஸாப்பில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து நிற்கும். எங்களுக்கு அது நடந்தது தீபாவளிக்கு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு.

தாளைப் பையில் சும்மா போட்டால் வேனிலேயே கப்பல் ஆகிவிடும். டைரியில் பசை போட்டு ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், மூன்று வயதுக்காரர் அதைப் பிடுங்கி முதலில் வாயில்தான் வைப்பார்.

வாட்ஸாப்பில் குழுவாக அனுப்பினால் எல்லோருக்கும் எல்லோர் எண்ணும் தெரியும், இரவு பதினொரு மணிக்குக் காலை வணக்கம் தொடங்கிவிடும். பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது, ஒவ்வொருவருக்கும் செய்தி தனித்தனியாகப் போகும். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் பள்ளி எண்ணைத் தன் கைபேசியில் பதிந்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். ஜூன் முதல் வாரத்திலேயே "எங்கள் எண்ணைச் சேமித்துவிட்டீர்களா?" என்று வாசலில் நின்று கேட்டுவிடுங்கள்.

கூடவே மூன்று நிமிஷக் குரல் பதிவு ஒன்று. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆரம்பித்தோம். இப்போது வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மிஸ் வாசிப்பதைவிட ஆயாம்மா வாசித்தால் குழந்தைகளும் உட்கார்ந்து கேட்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அனுப்புகிறோம், வேலைக்குப் போனவர்கள் அதற்குள் வீடு வந்திருப்பார்கள்.

அச்சுக்குப் போகும் முன் மூன்று பேர் படிக்க வேண்டும். ஒரு மிஸ் தேதிகளை மட்டும் காலண்டரோடு ஒத்துப் பார்ப்பார். ஆயாம்மா உரக்கப் படித்துப் பார்ப்பார், அவர் தடுமாறும் இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடுவேன். மூன்றாமவர் சீட்டுகளோடு வீட்டுச் செய்திகளைச் சரிபார்த்து, சம்மதம் இல்லாத முகம் படத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்.

போன பிறகு

தவறு வரும். ஒரு தை மடலில் ஆண்டு விழா கிழமையைத் தப்பாகப் போட்டுவிட்டேன். உடனே திருத்தம் அனுப்பினேன், ஆனால் "முந்தைய செய்தியைப் புறக்கணிக்கவும்" என்று மட்டும் எழுதியதால், எது முந்தையது என்று நாற்பது போன் வந்தது. இப்போது சரியான தேதியை மட்டும் முழுதாக, கிழமையோடு, தனிச் செய்தியாக அனுப்பி, மறுநாள் டைரியில் அதே வரியைச் சிவப்பு மையால் எழுதிவிடுகிறோம்.

ஒவ்வொரு மடலிலும் இரண்டு பிரதி கோப்பில் வையுங்கள். அடுத்த வருஷம் காவிரியில் தண்ணீர் எப்போது வந்தது, அம்மை எந்த வாரம் தொடங்கியது, சப்பரம் யார் வீட்டில் இருக்கிறது என்று தேடும்போது அதுதான் உதவும். சக்கரமில்லாத அந்தச் சப்பரம் இன்னும் எங்கள் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. வாங்கிக்கொண்டு போகச் சொல்லி மூன்று மடலில் போட்டாயிற்று.